மாடிப்படிக்குக் கைப்பிடி: செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் பட்டறையில் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படி ரெயிலிங், இதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி போட அடி எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். படத்தில் பைப் பளபளவென்று இருக்கும். அதன் கால் எதில் நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் படிக்கு உள்ளே இருப்பது காங்கிரீட்டா, செங்கலா, மரமா?" என்பதை. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தினமும் சொல்லும் பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்வி: எந்த உலோகத்தில் போடுவது? எல்லோரும் எஸ்.எஸ். என்கிறார்களே?

எஸ்.எஸ். என்பது நம் அடுப்படி எவர்சில்வர்தான். பெயின்ட் வேண்டாம், துடைத்தால் போதும். இங்கே பல வீடுகள் வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் முன்னோர்களுக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்துதான் திறப்பார்கள். கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு எஸ்.எஸ். வசதி.

சாதா இரும்பை நாங்கள் எம்.எஸ். என்போம். விலை குறைவு, நினைத்தபடி வளையும், பூவேலை செய்யலாம். பழைய வீட்டு முகப்போடு ஒட்டிப்போவதும் இதுதான். ஆனால் பெயின்ட் விஷயத்தில் ஏமாற்றக் கூடாது. துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிரைமர் ஒரு கை முழுதாக, அதற்கு மேல் எனாமல் இரண்டு கை. கடையிலிருந்து வந்த பைப்பில் ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைத் துடைக்காமல் அதன்மேலேயே அடித்தால், அடுத்த கோடையில் தோல் உரிவதுபோல் உரியும்.

ஜி.ஐ. பைப் மேலே துத்தநாகம் பூசியது. துரு எளிதில் ஏறாது. வெல்டு வைக்கும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அந்த மூட்டிலிருந்தே தொடங்கும். எரியும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும். நான் அனுபவித்திருக்கிறேன். ஆகையால் இந்த வேலையை மூடிய அறைக்குள் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

பித்தளை அழகு, ஆனால் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலுமினியத்தை நான் அதிகம் செய்ததில்லை.

என்னைக் கேட்டால், புது சிமென்ட் வீட்டுக்கு 304 எஸ்.எஸ். பழைய வீட்டுக்கு இரும்புக் கம்பி, மேலே பிடிக்கத் தேக்குக் கட்டை.

கேள்வி: 304, 202 என்று சொல்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. இந்த ஊரில் அதிகம் பேர் நம்பும் தப்புக் கணக்கு இது. 304-லும் காந்தம் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304-கூட லேசாக இழுக்கும். காந்தம் பளிச்சென்று ஒட்டினால் இது இரண்டுமே இல்லை, வேறு ரகம் என்று மட்டும் சொல்லலாம்.

வித்தியாசம் உள்ளே இருக்கும் சரக்கில். 304-இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். நிக்கல் விலை கூடுதல் என்பதால் 202-இல் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். வாங்கும் அன்று இரண்டும் ஒரே பளபளப்பு. இரண்டு மழைக்காலம் போனால்தான் 202-இன் வெல்டு ஓரத்தில் காப்பிக் கறைபோல் ஒன்று தெரியும்.

கண்டுபிடிக்கச் சோதனைத் திரவம் விற்கிறது. பைப்பில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியின் மின்சாரத்தைச் சில நொடி தொடவைத்தால், மாங்கனீஸ் கூடின ரகத்தில் சொட்டு சிவக்கும். இரும்பு, பைப் மொத்த வியாபாரிகள் பலரிடம் இது இருக்கும். பைப்பின் நீளத்தில் அச்சடித்த எழுத்தையும் பாருங்கள். பஃபிங், அதாவது தேய்த்து மெருகேற்றுவது, செய்தால் அது அழிந்துபோகும், அதனால் பைப் வந்து இறங்கும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் மழையே படாத படிக்கு 202 போட்டால் குடிமுழுகிப் போகாது. 202-ஐப் போட்டுவிட்டு 304 விலை வாங்குவதுதான் தப்பு. தொண்டி, மீமிசல் பக்கம் கடற்கரையில் வீடு கட்டுகிறவர்கள் 316 கேளுங்கள். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் உண்டு, உப்புக்காற்றைத் தாங்கும். காரைக்குடி, தேவகோட்டைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கேள்வி: கேஜ் என்றால் என்ன? 16 போடுவதா 18 போடுவதா?

கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. கைப்பிடிப் பைப்பும் நிற்கும் கால்களும் 16. நடுவில் ஓடும் சின்னக் கம்பிகள் 18 இருந்தால் போதும்.

வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், தராசு இருக்கிறது. 2 அங்குல எவர்சில்வர் பைப், 20 அடி முழு நீளம், 16 கேஜ் என்றால் 12 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 18 கேஜ் 9 கிலோ. 7 கிலோகூட இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது 20 கேஜ். அறுத்த பிறகு எடைபோட்டுப் பயனில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போதே ஒரு பைப்பைத் தூக்கி வையுங்கள். நல்ல பட்டறைக்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கேள்வி: உயரம் 3 அடி என்கிறார்கள். எங்கிருந்து 3 அடி?

படியின் மூக்கிலிருந்து, அதாவது மிதிக்கும் இடத்தின் முன்விளிம்பிலிருந்து, தூக்குக்குண்டு நேராக. சாய்வுக்குச் செங்குத்தாக அளந்தால் கணக்குத் தப்பும். 34 அங்குலத்திலிருந்து 38 வரை எதுவும் சரி. மேலே படி முடிந்து தாழ்வாரம் தொடங்கும் ஓரத்தில், கீழே வளவு, அதாவது நடுமுற்றம், தெரியும் இடத்தில், 42 அங்குலம் வையுங்கள். அது பிடித்து ஏறுவதற்கல்ல, விழாமல் தடுப்பதற்கு. பழைய வீடுகளில் அந்த ஓரக் கிராதி தாழ்வாக இருந்தால், கிராதியைத் தொடாமல் அதன் மேலே இன்னொரு பைப் ஓட்டலாம்.

இந்த 34-க்கும் 38-க்கும் நடுவில் எது என்பதை வீட்டில் தினமும் ஏறுகிறவர்தான் சொல்ல வேண்டும். பள்ளத்தூரில் ஒரு வீடு. அளவெடுக்கப் போனபோது மகன் 3 அடி என்று எழுதிக் கொடுத்தார். நான் ஒரு பி.வி.சி. பைப்பை அந்த உயரத்தில் கயிற்றால் கட்டி, ஆச்சியை ஏறிப் பார்க்கச் சொன்னேன். நாலு படி ஏறியவர் நின்றுவிட்டு, "தம்பி, இது அவனுக்குத் தோதா இருக்கு. எனக்குத் தோளு தூக்குது" என்றார். இரண்டு அங்குலம் இறக்கிக் கட்டினேன். பேசாமல் மேலே போய்த் திரும்பி வந்தார். 34. பி.வி.சி. பைப்பை இப்போது வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

கேள்வி: பைப் எவ்வளவு பருமன்? அகலமாக, சதுரமாக வைத்தால் நன்றாக இருக்கிறதே?

பார்க்க நன்றாக இருக்கும். கால் தடுக்கும்போது கை சுற்றிப் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் அந்தப் பக்கம் போய் மற்ற விரல்களைத் தொடும் அளவுக்கு. ஒன்றரை அங்குல உருண்டைப் பைப் அதற்கு ரொம்பச் சரி. 2 அங்குலம் பெரிய கைகளுக்குப் பரவாயில்லை. மூன்று நாலு அங்குல அகலச் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைக்கலாம், பிடிக்க முடியாது. தேக்குக் கட்டை வைத்தாலும் இழைக்கும் ஆசாரியிடம் சொல்லி, இரண்டு பக்கமும் விரல் நுழையக் குழி எடுக்கச் சொல்லுங்கள்.

சுவரோடு ஓட்டும் பைப்புக்கும் சுவருக்கும் நடுவில் 2 அங்குலம் விடுங்கள். குறைந்தால் விரல் முட்டி உரசும்.

கேள்வி: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி?

4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் தவழும் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டும். அப்புறம், இப்போது எல்லோரும் கேட்கும் படுக்கைக் கம்பி டிசைன், நான்கு வரிசை ஐந்து வரிசை ஓடுவது, பிள்ளைகளுக்கு ஏணி. கம்பி நட்டமாக நிற்கட்டும். படம் அழகாகத்தான் இருக்கிறது, தெரியும்.

கேள்வி: கால்களை எப்படி நிறுத்துவீர்கள்? கிரானைட்டில் துளை போட்டால் போதாதா?

என்னிடம் பழுதுபார்க்க வரும் ரெயிலிங்குகளில் பைப் உடைந்து வந்தது எனக்கு நினைவில்லை. எல்லாம் கால் ஆடித்தான் வருகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

படியின் மேலிருந்து கீழே போவோம். முதலில் கிரானைட், 18 மில்லிமீட்டர். அதன் அடியில் சிமென்ட் கலவை, 35 முதல் 40. ஆக, காங்கிரீட்டைத் தொடவே கிட்டத்தட்ட 60 மில்லிமீட்டர் போய்விடுகிறது. கடையில் கிடைக்கும் 3 அங்குல ஆங்கர் போல்ட்டை, அதாவது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்டை, இறக்கினால் கெட்டியான இடத்தில் நிற்பது 15 மில்லிமீட்டர்தான். மீதியெல்லாம் கல்லையும் கலவையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆறு மாதம் ஆட்டினால் கலவை பொடியாகும், கல் விரிசல் விடும். 10 மில்லிமீட்டர் போல்ட், நீளம் 120, காங்கிரீட்டுக்குள் 50-க்குக் குறையாமல் போக வேண்டும். துளையில் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டை அடித்தாலும் பிடிப்பு இருக்காது. சைக்கிள் பம்பு போதும்.

இன்னொரு சங்கதி. நம் பக்கம் பல வீடுகளில் சாய்வுப் பலகை மட்டும்தான் காங்கிரீட். அதன் மேல் படிகளைச் செங்கல் வைத்துக் கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் எவ்வளவு நீள போல்ட் போட்டாலும் செங்கலில்தான் நிற்கும். ட்ரில் போடும்போது வரும் தூளைப் பாருங்கள். சாம்பல் நிறம் வந்துகொண்டிருந்தது திடீரென்று சிவந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். அந்தப் படிக்கு இரண்டு வழி. சாய்வுப் பலகையின் பக்கவாட்டில், வெளிப்புறமாகத் தட்டு வைத்து போல்ட் போடுவது ஒன்று. படி அகலமும் குறையாது. இல்லையென்றால் பெரிய துளை எடுத்து, காலை நாலைந்து அங்குலம் உள்ளே இறக்கி, சுருங்காத சிமென்ட் கலவை ஊற்றி இரண்டு நாள் தொடாமல் விடுவது.

கல்லின் ஓரத்திலிருந்து துளை குறைந்தது 3 அங்குலம் தள்ளி இருக்கட்டும். விரியும் போல்ட் ஓரத்தில் இருந்தால் முறுக்கும்போதே கல் டப்பென்று தெறிக்கும். ஓரத்தில்தான் வேண்டும் என்றால் கெமிக்கல் ஆங்கர் போடலாம், அது விரியாது, ஒட்டும்.

கால்களுக்கு நடுவே 3 அடி முதல் நாலடி. 10 அங்குல மிதி என்றால் நாலு படிக்கு ஒரு கால். ஒவ்வொரு காலிலும் போல்ட்டை மறைக்க ஒரு கிண்ணம் மூடி வரும். அதை ஒட்டும் முன் உள்ளே எத்தனை போல்ட் என்று எண்ணிப் பாருங்கள். நாலு துளைத் தட்டில் இரண்டு போல்ட் போட்டு மூடியதை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லையா? ரொம்ப நல்லது. படி காங்கிரீட் போடும்போதே, கால் வரும் இடத்தில் கொக்கி வைத்த இரும்புத் தட்டைப் புதைக்கச் சொல்லுங்கள். பின்னால் அதன்மேல் வெல்டு வைத்தால் வீடு இருக்கிற வரை ஆடாது.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து வீடு. படி செங்குத்து, இருட்டு. சுவரில் கைப்பிடி அடிக்கலாமா?

நிதானமாக. இந்த வீடுகளின் சுவர் செங்கல், சுண்ணாம்புக் காரை. ஒன்றரை அடி, இரண்டடி தடிமன் இருக்கும். தடிமனைப் பார்த்துப் பலம் என்று நினைத்துவிடுவோம். சுமையை மேலிருந்து தாங்க அது பலம். துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்டுக்குச் சுண்ணாம்புக் காரை பலமே இல்லை. முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் ஹாமர் ட்ரில்லை வைத்தால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தப் பளிங்குப் பூச்சு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து விழும். அதைத் திரும்ப அதே வழவழப்பில் பூசும் கை இப்போது கிடைப்பது அரிது.

அதனால் முதலில் சுவரைத் தொடாமல் முடியுமா என்று பார்ப்பேன். மரப்படி என்றால் படியிலேயே கால் நிறுத்தலாம். பர்மா தேக்குச் சட்டம், நூறு வருஷம் ஆனாலும் திருகைப் பிடிக்கும். ஆணி கூடாது. 3 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்) கோச் ஸ்குரூ போட்டால் முதலில் 2 நூல் துளை போட்டு, திருகின் மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்து, ஸ்பானரால் மெதுவாக ஏற்ற வேண்டும். நேராக ஏற்றினால் ஒன்று மரம் பிளக்கும், இல்லை திருகு தலை அறும். மரப்படியில் வைத்து வெல்டு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். பட்டறையிலேயே முழுதும் பற்றவைத்து, வீட்டில் போல்ட் மட்டும் போட வேண்டும்.

இரண்டு சுவருக்கு நடுவே போகும் குறுகிய படி என்றால் சுவரைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது ஹாமரை அணைத்துவிட்டுச் சுற்றல் மட்டும் வைத்துத் துளை, உள்ளே சல்லடைக் குழாய், அதில் கெமிக்கல் மருந்து, அதற்குள் மரைக்கம்பி. மருந்து சல்லடை வழியாகப் பிதுங்கிச் செங்கலைப் பிடித்துக்கொள்ளும். துளை காரையில் இல்லாமல் செங்கலின் நடுவில் விழ வேண்டும். அகலத்தையும் கணக்குப் போடுங்கள். ஒன்றரை அங்குலப் பைப், 2 அங்குல இடைவெளி, ஒரு பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் போகும். இரண்டரை அடிப் படியில் இரண்டு பக்கமும் போட்டால் நெல் மூட்டை ஏறாது. இறங்கும்போது வலது கைக்கு வருகிற பக்கம் ஒன்று போதும். பக்கவாதம் வந்து ஒரு கைதான் பிடிக்கும் என்றால் அந்தக் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் பழைய வீட்டில் இப்படிப்பட்ட படியில் மேலிருந்து ஒரு வடக்கயிறு தொங்கும். கைப்பிடி அதுதான். அப்பத்தா அதைப் பிடித்துத்தான் எண்பது வயதிலும் ஏறினார்கள். கயிற்றைக் கேலி செய்ய மாட்டேன். அது கட்டியிருந்த உத்திரம் ஆடவில்லை.

பங்காளி வீடு என்றால் துளை போடும் முன் எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதி வேலையில் போன் வந்து நிறுத்தியிருக்கிறேன். இரண்டு தடவை.

கேள்வி: மேலே பழைய வார்ப்பிரும்புக் கிராதி, சீமையிலிருந்து வந்தது. ஒரு இடத்தில் உடைந்திருக்கிறது. வெல்டு வைக்கலாமா?

சாதா ராடை வைத்து வெல்டு வைத்தால் அந்த நேரத்துக்கு ஒட்டும். ஆறும்போது டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். வெல்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல். வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், அதனால் வளையாது, உடையும். நிக்கல் ராட் வேண்டும், முழுத் துண்டையும் முதலில் சூடுபண்ண வேண்டும், முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். கிராதியைக் கழற்ற முடியாவிட்டால் வெல்டே வேண்டாம். பின்பக்கம் ஒரு இரும்புப் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் சின்ன போல்ட் போட்டு இணையுங்கள். முன்னாலிருந்து தெரியாது.

ஒரு துண்டு முழுதாகவே போய்விட்டதா? முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் உடைந்த துண்டைக் கையோடு கொண்டுபோய்த் தேடுங்கள். இடித்த வீடுகளின் கிராதி அங்கே வரும். கிடைக்காவிட்டால் இருப்பதை அச்சாக வைத்து வார்க்கலாம். வார்ப்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் அளவில் சுருங்கும் என்பதை வார்ப்படக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பழைய பெயின்டைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: கீழே ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். வெல்டிங் பொறி பட்டால் என்ன ஆகும்?

என் பாடத்தைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், கண்டனூரில் ஒரு வீடு. பச்சையும் வெள்ளையும் பூப்போட்ட தரை. அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுவிட்டு கிரைண்டர் ஓட்டினேன். சாயங்காலம் பெருக்கிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறார். மதியத்துக்குள் வெள்ளைப் பூ முழுக்க கடுகு தாளித்துக் கொட்டினதுபோல் பழுப்புப் புள்ளி. கிரைண்டர் பொறி என்பது உருகிய இரும்புத் துகள். அட்டையின் இடுக்கில் போய்க் கல்லில் ஒட்டிக்கொண்டது ஈரம் பட்டதும் துருவாகிவிட்டது. 14 கல். ஆத்தங்குடிக்கே போய், அதே அச்சில் செய்யச் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்வது என்பதால் பச்சை அதே பச்சையாக வரவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் இன்றும் என் கண் அங்கேதான் போகும்.

இப்போது செய்வது இதுதான். அறுப்பதும் தேய்ப்பதும் வாசலில், கல் பதித்த தரைக்கு வெளியே. உள்ளே வைக்க வேண்டிய கடைசி நாலைந்து வெல்டுக்கு, தரையில் ஈரச் சாக்கு இரண்டு அடுக்கு, அதன்மேல் தகடு. பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்கும் துணி கட்டுங்கள். பொறி கண்ணாடியிலும் பதியும்.

கேள்வி: எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றார்கள். எங்கள் ரெயிலிங்கில் புள்ளி வந்துவிட்டதே?

துரு பற்றி ஆராய்வதற்கு நம் ஊரிலேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்துப் பார்க்கும் மையமும் அவர்களுக்கு உண்டு. இப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஆசிட் ஊற்றிப் படி கழுவுகிறோம்.

எவர்சில்வரைக் காப்பது மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம். கீறினால் காற்றிலிருந்து தானாகவே மறுபடி உருவாகும். குளோரைடு பட்டால் உருவாகாமல் அங்கங்கே ஓட்டை விழும். டைல்ஸ் கறை போக்கும் ஆசிட், கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாம் குளோரின் சம்பந்தம் உள்ளவை. ஆசிட் பைப்பில் படவே வேண்டாம், மூடிய வீட்டில் அதன் ஆவியே போதும். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் தரையை ஆசிட் போட்டுக் கழுவி, கதவை மூடிவிட்டுப் போனால், காலையில் புது ரெயிலிங் மஞ்சளித்து நிற்கும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆசிட் ஆகாது, அது சிமென்ட் கல்.

இரண்டாவது காரணம், பக்கத்தில் சாதா இரும்பு அறுத்த தூள் வந்து ஒட்டியது. மூன்றாவது, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். இந்த இரண்டிலும் துருப்பிடிப்பது ஒட்டிய இரும்புதான், பைப் இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. போகாவிட்டால் பட்டறையில் சொல்லுங்கள், பஃபிங் செய்தால் போய்விடும்.

வெல்டு வைத்த மூட்டில் வானவில் நிறம் தெரிந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் துரு முதலில் அங்கேதான் வரும். எவர்சில்வருக்கு ஆர்கன் வெல்டுதான். அதில் பொறி தெறிக்காது, மூட்டு ஒழுங்காக இருக்கும்.

கேள்வி: மொட்டைமாடிக்குப் போகும் வெளிப்படிக்கு?

சித்திரை மாதம் மதியம் வடகம் காயப்போட ஏறுகிறவரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் பைப்பைத் தொட முடியாது. எவர்சில்வரும் சுடும், கறுப்பு அடித்த இரும்பு இன்னும் சுடும். வெளிர்நிறப் பெயின்ட், இல்லையென்றால் கை படும் இடத்துக்கு மட்டும் மரம். இரும்புப் பைப்பின் வாயைத் தட்டு வைத்து முழுதாக அடைக்கவும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் புத்தம்புதிதாகத் தெரியும், ஒருநாள் கால் கையோடு வரும்.

கேள்வி: கண்ணாடி ரெயிலிங்?

12 மில்லிமீட்டர் டஃப்பன்ட் கண்ணாடி, மேலே பிடிக்கக் கண்டிப்பாக ஒரு பைப். அந்தப் பைப் இல்லாமல் வெறும் கண்ணாடி கேட்டால் நான் செய்வதில்லை. அதைத் துடைப்பது யார் என்றும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு சீரியல் செட் சுற்றலாமா?

சுற்றலாம். ஒயர் தோல் உரிந்திருந்தால் ரெயிலிங் முழுக்க கரண்ட் பாயும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச், இருந்தால்தான் சுற்றுங்கள்.

கேள்வி: எத்தனை அடி வரும், கொட்டேஷனில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

அடிக்கணக்கு சாய்வில் அளப்பது. தளத்துக்குத் தளம் 10 அடி, ஒரு படி 7 அங்குல உயரம் என்றால் 17 ஏற்றம் வரும். மிதி 10 அங்குலம். ஒரு படிக்குச் சாய்வு நீளம் 12 அங்குலம் சொச்சம். 16 மிதிக்கு 16 அடிக்குக் கொஞ்சம் மேலே. லேண்டிங், மேல் ஓரம் தனி. நீட்டிவிட்ட முனைகளும் கணக்கில் வரும். கீழ்ப்படிக்கு முன்னும் மேல்படிக்குப் பின்னும் ஒரு அடி நீளமாகப் பைப் போக வேண்டும், கால் சமதரைக்கு வந்த பிறகுதான் கை விட வேண்டும். முனையைச் சுவர்ப்பக்கம் வளைத்துவிடச் சொல்லுங்கள். நேராக நீட்டி நின்றால் முந்தானையும் ஜிப்பாப் பையும் மாட்டும்.

தாளில் இருக்க வேண்டியவை: ரகம், ஒவ்வொரு பைப்பின் பருமனும் கேஜும், கால் எத்தனை, போல்ட்டின் நீளம், பஃபிங் சேர்த்தா சேர்க்காமலா, துளை போட்டதில் கல் உடைந்தால் யார் பொறுப்பு. "எஸ்.எஸ். ரெயிலிங், அடி இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதித் தருபவரிடம் இன்னொரு தாள் கேளுங்கள். வேலையை கிரானைட் ஒட்டி ஒரு வாரம் கழித்து, கடைசிக் கை பெயின்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை முடிந்தது. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒவ்வொரு கால் பக்கத்திலும் நின்று, மேல் பைப்பைப் பிடித்து உங்கள் முழு எடையையும் வெளிப்பக்கமாகச் சாய்க்காமல், உள்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பைப் லேசாக வளைந்து திரும்புவது வேறு, அடித்தட்டு கிடுகிடுப்பது வேறு. தட்டின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஆட்டச் சொன்னால் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு பழைய வேட்டித் துணியைப் பைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வரை உருவிக்கொண்டே இறங்குங்கள். துணியின் இழை சிக்கும் ஒவ்வொரு இடமும் நாளைக்குக் கை கிழியும் இடம். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வெல்டர் அதையெல்லாம் தேய்த்து முடித்த பிறகு, இன்னொரு தடவை துணியை உருவிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.